லைசன்ஸ் இல்லாத வீட்டு டேகேர்: எது மலிவு, எது பாதுகாப்பு?

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் அநேகமாக எந்தத் தமிழ்க் கடைக்குப் போனாலும் வாசல் பக்கத்தில் ஒரு அறிவிப்புப் பலகை இருக்கும். பேஸ்மென்ட் வாடகைக்கு, வீணை வகுப்பு, பழைய கார் விற்பனைக்கு. இவற்றுக்கு நடுவே, அடியில் தொலைபேசி எண்களைக் கிழித்தெடுக்க வசதியாக வெட்டிவிட்ட ஒரு தாள்: "பிள்ளைகள் அன்பாகப் பராமரிக்கப்படுவர். காலை 7 முதல் மாலை 6 வரை. வீட்டுச் சாப்பாடு." மகளுக்குப் பதினொரு மாதம் ஆனபோது அப்படியொரு தாளில் நானும் ஒரு எண்ணைக் கிழித்தேன். பிள்ளை பார்க்க எடுத்த என்னுடைய லீவு முடிய நாலு கிழமைதான் இருந்தது. பெயர் கொடுத்து வைத்திருந்த ஆறு டேகேர்களில் ஒன்றுகூட அழைக்கவில்லை.

அந்தத் தாளில் இல்லாத ஒரு சொல் ‘லைசன்ஸ்’. கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களும் முதல் பிள்ளை பெற்றவர்களும் குழம்புவது இந்தச் சொல்லில்தான். நான் ஒன்ராறியோ மாகாணத்தை வைத்து மட்டும் எழுதுகிறேன். மற்ற மாகாணங்களில் எண்ணிக்கையும் விதிகளும் வேறு.

லைசன்ஸ் இல்லை என்றால் என்ன?

லைசன்ஸ் இல்லாத டேகேர் என்றதும் சட்டவிரோதமான டேகேர் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஒன்ராறியோவில் யாரும் தன் வீட்டில் காசு வாங்கிப் பிள்ளை பார்க்கலாம், அனுமதிப் பத்திரம் தேவையில்லை. ஆனால் ஒரு வரம்பு உண்டு. 2014இல் நிறைவேறி 2015 ஆகஸ்ட் 31இல் நடைமுறைக்கு வந்த குழந்தைப் பராமரிப்புச் சட்டத்தின்படி, ஒரு நேரத்தில் 13 வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகளுக்கு மேல் இருக்கக் கூடாது. அதில் இரண்டு வயதுக்குட்பட்டவர்கள் மூன்று பேருக்கு மேல் போகக் கூடாது. பார்ப்பவருடைய சொந்தப் பிள்ளை நாலு வயதுக்குக் குறைவு என்றால் அந்தப் பிள்ளையும் கணக்கில் சேரும். "நானும் என்ர தங்கச்சியும் சேர்ந்து பார்க்கிறம், அதால பத்துப் பேர் வரைக்கும் எடுக்கலாம்" என்று யாராவது சொன்னால் அது பிழை. பெரியவர்கள் எத்தனை பேர் நின்றாலும் அந்த வீட்டுக்கு ஐந்துதான்.

இன்னும் சில கடமைகள் அவருக்கு உண்டு. தான் ஒன்ராறியோ அரசின் லைசன்ஸ் பெறவில்லை என்பதைப் பெற்றோருக்கு எழுத்தில் தர வேண்டும். பெற்றோர் கேட்டால், கட்டிய காசுக்கு ரசீதை இலவசமாகத் தர வேண்டும். பிள்ளை அங்கே இருக்கும் நேரத்தில் பெற்றோர் எப்போது வந்தாலும் உள்ளே விட வேண்டும். அம்மம்மா பேரப்பிள்ளையைப் பார்ப்பது, உங்கள் வீட்டுக்கே ஒருவர் வந்து பார்ப்பது எல்லாம் வேறு கணக்கு. அவற்றை இங்கே விட்டுவிடுவோம்.

அடுத்த குழப்பம் இதைவிடப் பெரியது. சென்டர் (வீட்டில் இல்லாமல் தனி இடத்தில் பல ஊழியர்களோடு நடக்கிற டேகேர்) என்றால் லைசன்ஸ், வீடு என்றால் லைசன்ஸ் இல்லை என்று பலர் பிரித்து வைத்திருக்கிறார்கள். லைசன்ஸ் உள்ள வீட்டு டேகேரும் இருக்கிறது. அங்கே லைசன்ஸ் பிள்ளை பார்க்கிற அக்காவின் பெயரில் இருக்காது, ஒரு ஏஜென்சியின் பெயரில் இருக்கும். அந்த அக்கா ஏஜென்சியோடு ஒப்பந்தம் செய்து தன் வீட்டில் ஆறு பிள்ளைகள் வரை பார்ப்பார். முதலுதவிப் பயிற்சி, வீட்டில் இருக்கிற பெரியவர்கள் எல்லோருக்கும் பொலிஸ் செக், தடுப்பூசி விவரம் எல்லாம் ஏஜென்சி வாங்கி வைத்திருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது ஏஜென்சியின் ஆள் சொல்லாமல் வந்து கதவைத் தட்டுவார். பக்கத்துப் பக்கத்து வீடுகளில் ஒரே மாதிரி இரண்டு அன்ரிமார் பிள்ளை பார்க்கலாம், சாப்பாடும் விளையாட்டும்கூட ஒரே மாதிரி இருக்கலாம். ஒரு வீட்டுக்கு அந்த ஆள் வருவார், மற்ற வீட்டுக்கு வர மாட்டார்.

லைசன்ஸ் இல்லாத வீட்டை அரசு வழக்கமாகப் போய்ச் சோதிப்பதில்லை. யாராவது முறைப்பாடு செய்தால்தான் அதிகாரி போவார்.

மலிவு என்ற பழைய கணக்கு

பத்து வருடத்துக்கு முன் வந்தவர்கள் சொல்கிற அறிவுரை இன்னும் காற்றில் சுற்றுகிறது: "சென்டர் கட்டுப்படியாகாது, ஆரும் தெரிஞ்ச அன்ரியிட்ட விடு." அன்றைக்கு அது சரியான கணக்கு. 2022க்கு முன் ரொறன்ரோவில் கைக்குழந்தைக்கு சென்டர் கட்டணம் மாதம் 1,800 டொலரைத் தாண்டி இருந்தது. நாட்டிலேயே அதிகமான கட்டணங்களில் ஒன்று. வீட்டில் விட்டால் மாதம் நூற்றுக்கணக்கான டொலர் மிஞ்சும். ஒரு சம்பளம் வாடகைக்கும் மற்றது டேகேருக்கும் போன காலத்தில் அந்த மிச்சம் பெரிய விஷயம்.

2022 மார்ச் 28இல் டேகேர் கட்டணத்தைக் குறைக்க ஒன்ராறியோ மத்திய அரசோடு ஒப்பந்தம் கையெழுத்திட்டது. எங்கள் ஆட்கள் ‘பத்து டொலர் டேகேர்’ என்று சொல்கிற திட்டம் இதுதான். பத்து என்ற பெயர், நாளைக்குப் பத்து டொலர் என்ற இலக்கைப் பார்த்து வந்தது. 2025 ஜனவரி 1 முதல் உச்சவரம்பு ஒரு நாளைக்கு 22 டொலர். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, திட்டத்தில் சேர்ந்த லைசன்ஸ் உள்ள இடங்களில் மட்டும் இது பொருந்தும். லைசன்ஸ் உள்ள எல்லா சென்டரும் திட்டத்தில் சேர்ந்துவிடவில்லை, அதனால் போனிலேயே கேட்டுவிடுங்கள். ஏஜென்சியின் கீழ் உள்ள வீடுகளும் இதில் வரும். லைசன்ஸ் இல்லாத வீட்டுக்கு ஒரு சதமும் வராது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு நகராட்சி தருகிற சப்சிடியும் (கட்டண உதவி) அப்படித்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். லைசன்ஸ் இல்லாத ஒருவர் நாளைக்கு 55 டொலர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 22 வேலைநாள் என்றால் 1,210 டொலர். திட்டத்தில் உள்ள சென்டரில் 22 டொலரே கட்டினாலும் 484. வித்தியாசம் 726 டொலர். பழைய கணக்கு தலைகீழாகிவிட்டது. இன்றைக்கு லைசன்ஸ் இல்லாத வீடுதான் அதிக விலை.

பிறகு ஏன் ஆட்கள் அங்கே விடுகிறார்கள்? இடம் இல்லை, அதுதான் காரணம். கட்டணம் குறைந்ததும் எல்லோரும் பெயர் கொடுத்தார்கள். அதிலும் கைக்குழந்தைக்கு இடம் எடுப்பது மிகக் கடினம். 18 மாதத்துக்குட்பட்ட பத்துக் குழந்தைகளுக்கு மூன்று ஊழியர்கள் நிற்க வேண்டும் என்பது விதி. இரண்டரை வயதுக்கு மேல் என்றால் எட்டுப் பிள்ளைகளுக்கு ஒருவர் போதும். எந்த அறையை ஒரு சென்டர் பெரிதாக வைத்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. நேரமும் ஒரு காரணம். தொழிற்சாலை ஷிஃப்ட் விடிய ஆறு மணிக்குத் தொடங்குகிறது, சென்டர் திறப்பது ஏழரைக்கு. அந்த ஒன்றரை மணி நேரத்தை அன்ரிமார் வீடுகள்தான் நிரப்புகின்றன. மொழியும் சாப்பாடும் சேர்ந்துகொள்ளும். புட்டும் பருப்பும் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை சென்டரில் முதல் மாதம் பட்டினி கிடந்த கதை எங்கள் குடும்பங்களில் நிறைய உண்டு.

பார்ப்பவரின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஐந்து பிள்ளைகள், நாளைக்கு 55 என்றால் 275 டொலர். காலை ஏழிலிருந்து மாலை ஆறு வரை பதினொரு மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு 25 டொலர் வருகிறது. அதில் சாப்பாடு, ஹீட்டிங், பம்பர்ஸ் நாற்றத்துக்கு மாற்றுகிற கார்பெட், வரி எல்லாம் போக வேண்டும். ஒருவர் வராத நாளில் அதுவும் இல்லை. கொள்ளை அடிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஆறாவது, ஏழாவது பிள்ளையை எடுக்கச் சொல்லி அந்த வருமானம் அவரை நெருக்குகிறது. ஆபத்து தொடங்குகிற இடம் அதுதான்.

2013, வோன்

2013 ஜூலையில் ரொறன்ரோவுக்கு வடக்கே வோன் நகரத்தில் லைசன்ஸ் இல்லாத ஒரு வீட்டு டேகேரில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று வெயிலில் நின்ற காருக்குள் மறந்து விடப்பட்டு இறந்தது. காரில் இருந்து ஒரு பிள்ளை இறங்கவில்லை என்பது மணிக்கணக்கில் யாருக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அன்றைக்கு அந்த வீட்டில் இருந்த பிள்ளைகளின் எண்ணிக்கை ஐந்தைப் பல மடங்கு தாண்டி இருந்தது. அதே ஏழு மாதங்களுக்குள் ரொறன்ரோ பெரும்பகுதியில் லைசன்ஸ் இல்லாத இடங்களில் நான்கு குழந்தைகள் இறந்தார்கள்.

மாகாணத்தின் குறைகேள் அதிகாரியாக இருந்த ஆந்த்ரே மாரின் இதை விசாரித்து 2014 ஒக்டோபரில் அறிக்கை வெளியிட்டார். 113 பரிந்துரைகள். அரசுக்கு வந்த முறைப்பாடுகளை அதிகாரிகள் எவ்வளவு அலட்சியமாகக் கையாண்டார்கள் என்பதுதான் அதன் மையம். மேலே சொன்ன புதிய சட்டமும் அந்தக் காலத்தில்தான் வந்தது. முன்பு விதியை மீறினால் நாளொன்றுக்கு அதிகபட்சம் 2,000 டொலர் அபராதம். இப்போது நீதிமன்றம் 250,000 டொலர் வரை விதிக்கலாம்.

சட்டம் கடுமையானதால் எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்டால், ஒரு அளவுக்குத்தான். அதிகாரி முறைப்பாடு வந்த பிறகுதானே போகிறார்.

இங்கே அமெரிக்காவில் நடந்த ஒரு ஆய்வைச் சொல்கிறேன். ஜூலியா ரிக்லி, ஜோவானா ட்ரெபி என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 1985 முதல் 2003 வரை அங்கே பிள்ளை பார்க்கும் இடங்களில் நடந்த இறப்புகளைத் திரட்டி 2005இல் வெளியிட்டார்கள். வீடுகளைவிட சென்டர்கள் மிகவும் பாதுகாப்பானவை என்பது முடிவு. காரணம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. சென்டர் ஊழியர்கள் ஒருவர் கண்முன் ஒருவர் வேலை செய்கிறார்கள். ஒருவருக்குப் பொறுமை போனால் இன்னொருவர் பிள்ளையை வாங்கிக்கொள்வார். ஒருவர் மறந்ததை இன்னொருவர் கவனிப்பார். வீட்டில் இருப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் தனி ஆள். ஒன்று அழுகிறது, ஒன்று கழிப்பறையில், அடுப்பில் பால், வாசலில் மணி. பத்து மணி நேரம் அதே கதைதான், கை மாற ஆள் இல்லை.

லைசன்ஸ் அந்த வீட்டுக்குக் கொடுப்பது இந்த இன்னொரு கண்ணைத்தான். அன்பு இருக்கிறதா என்று எந்த ஏஜென்சியாலும் சோதிக்க முடியாது. தொட்டில் சரியா, தலை எண்ணினால் எத்தனை, புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று பார்க்க முடியும். லைசன்ஸ் இல்லாத வீட்டில் பிள்ளையை விடுகிறவர் அந்த வேலையைத் தானே செய்ய வேண்டும்.

போய்ப் பார்ப்பது

நான் கிழித்த எண்ணுக்கு உரியவர் காலை பத்து மணிக்கு வரச் சொன்னார். வீடு பளிச்சென்று இருந்தது. மூன்று பிள்ளைகள், ஒருவர் மடியில். தேத்தண்ணீர் தந்தார், எந்த ஊர் என்று கேட்டார், அம்மாவின் பக்கத்தில் யாரையோ தெரியும் என்றார். எனக்கு மனம் இளகிவிட்டது. வெளியே வரும்போது என்னோடு வந்திருந்த மச்சாள் கேட்டாள்: "பின்னேரம் நாலு மணிக்கு ஒருக்கா வந்து பாப்பமா?"

அவள் இரண்டு பிள்ளை வளர்த்தவள். நாலு மணிக்குப் போனோம். வாசலில் பெரிய சப்பாத்துகள் ஐந்து சோடி. பள்ளிக்கூடம் மூன்றரைக்கு விட்டதும் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அங்கேதான் வருகிறார்கள். பகலில் மூன்று, பின்னேரம் எட்டு. சின்னதுகள் நித்திரை விட்டு எழும்பி அழுகிற நேரம், பெரியதுகளுக்குப் பசிக்கிற நேரம். அந்த அம்மா ஒளிக்கவும் இல்லை. "ரெண்டு மணித்தியாலம்தானே பிள்ளை" என்றார். சட்டம் 13 வயது வரைக்கும் எண்ணுகிறது, ஒரு நேரத்தில் எத்தனை பேர் என்றுதான் கேட்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை. வேறு வீட்டுக்குப் போனேன்.

ஆகவே காலையில் ஒருதரம், மூன்றரைக்குப் பிறகு ஒருதரம். முடிந்தால் ஒருதரம் சொல்லாமல். உள்ளே விடத் தயங்கினால் அதற்கு மேல் எதையும் பார்க்கத் தேவையில்லை.

வீட்டுக்குள் முதலில் நித்திரை கொள்ளும் இடத்தைக் கேளுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை மல்லாக்க, தனித் தொட்டிலில், தட்டையான மெத்தையில் படுக்க வேண்டும். தலையணை, தடித்த போர்வை, பொம்மை எதுவும் வேண்டாம். "மேல கட்டில்ல போட்டு சுத்தி தலகாணி வச்சிருக்கிறன்" என்பது எங்கள் ஊர்ப் பழக்கம், ஆனால் மூச்சு முட்டுவது அப்படித்தான். கார் சீற்றிலும் நித்திரைக்கு விடக் கூடாது, கழுத்து முன்னால் மடிந்துவிடும். தொட்டிலின் ஒரு பக்கம் கீழே இறங்குகிற பழைய மாதிரியா என்று பாருங்கள். கனடாவில் அவற்றை விற்க 2016 டிசம்பரிலிருந்து தடை. யாரோ கொடுத்தது என்று வீட்டில் கிடக்கும். சக்கரம் வைத்த நடைவண்டிக்கு 2004இலிருந்தே தடை. குழந்தை அதோடு படியில் உருண்டுவிடும் என்பதால்தான். யன்னல் திரையில் தொங்குகிற கயிறு இருந்தால் கழுத்துக்கு ஆபத்து.

அடுத்தது எங்கள் வீடுகளுக்கே உரியது. சாமி அறையில் விளக்கு எரிகிறதா, தீப்பெட்டியும் கற்பூரமும் எந்தத் தட்டில்? வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால் பிரஷர் குளிசை எங்கே? கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் கிடக்கிற ஹாண்ட்பேக்கில்தான் அநேகமாக இருக்கும். ரிமோட்டின் பின்மூடி இறுக்கமாக இருக்கிறதா? அதற்குள் இருக்கிற காசு மாதிரி வட்ட பற்றரியைக் குழந்தை விழுங்கினால் சில மணி நேரத்தில் தொண்டையை அரித்துவிடும். பேஸ்மென்டில் பார்க்கிறார் என்றால் தீ வந்தால் எந்த வழியால் வெளியே வருவார் என்று கேளுங்கள், யன்னல் ஒரு ஆள் நுழையக் கூடியதா என்று நீங்களே பாருங்கள்.

காரில் ஏற்றுவாரா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். பெரியதுகளைப் பள்ளிக்கூடத்தில் எடுக்கப் போகும்போது சின்னதுகளை என்ன செய்கிறார்? கூட்டிப்போகிறார் என்றால் ஒவ்வொருவருக்கும் கார் சீற் இருக்கிறதா? இல்லையென்றால் அந்தப் பதினைந்து நிமிடம் யார் பார்க்கிறார்?

நான் கடைசியில் விட்ட அக்காவிடம் பொலிஸ் செக் கேட்டபோது எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. அவரை அந்தக் காகிதம் வைத்திருக்கச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய், முதலுதவிச் சான்றிதழோடு சேர்த்து எடுத்து வந்தார். "கேக்காத ஆக்களைத்தான் எனக்குப் பயம்" என்றார். வீட்டில் கணவர், வளர்ந்த மகன், வாடகைக்கு இருப்பவர் யாராவது பகலில் நின்றால் அவர்களைப் பற்றியும் கேட்கலாம். சாதாரண வீட்டுக் காப்புறுதி பொதுவாக டேகேர் தொழிலை மூடாது, தனியாகச் சேர்க்க வேண்டும். அதையும் கேளுங்கள்.

ரசீது

"காசாத் தந்தா அம்பதுக்குப் பாக்கிறன், ரிசீட் எண்டா அறுவது." இந்தப் பேரம் எல்லோருக்கும் தெரியும். மலிவானது எது என்று பார்ப்போம். வேலைக்குப் போவதற்காகப் பிள்ளை பார்க்கக் கொடுத்த காசை வரிக் கணக்கில் கழிக்கலாம். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு வருடம் 8,000 டொலர் வரை, அதற்கு மேல் 16 வயது வரை 5,000. பொதுவாகக் கணவன் மனைவியில் வருமானம் குறைந்தவர்தான் கழிக்க வேண்டும், அவருடைய சம்பளத்தைப் பொறுத்தும் ஒரு வரம்பு உண்டு. லைசன்ஸ் இல்லாதவருக்குக் கொடுத்த காசுக்கும் இது பொருந்தும். ஆனால் தனி ஆள் என்றால் ரசீதில் அவருடைய சின் (சமூகக் காப்புறுதி) இலக்கம் இருக்க வேண்டும். மிகக் குறைந்த வரிப் படியில் இருப்பவருக்கே 8,000 டொலர் கழித்தால் சுமார் 1,500 டொலர் மிஞ்சும். குடும்ப வருமானம் 150,000 டொலரைத் தாண்டாதவர்களுக்கு ஒன்ராறியோ தருகிற குழந்தைப் பராமரிப்பு வரிச்சலுகை இதற்கு மேல், அதில் ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 6,000 டொலர் வரை போகலாம். நாளைக்குப் பத்து டொலர் மிச்சம் பிடிக்கப் போய் இதை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எழுத்தில் ஒரு சின்ன உடன்பாடும் செய்துகொள்ளுங்கள். இரண்டு பக்கம் போதும். அவருக்குக் காய்ச்சல் என்றால் என்ன செய்வது, கோடையில் இரண்டு கிழமை ஊருக்குப் போனால் அந்தக் காசு உண்டா, டைலனோல் என்ற காய்ச்சல் மருந்து கொடுக்க உங்களிடம் கேட்பாரா, நிறுத்துவதென்றால் எத்தனை கிழமை முன்பே சொல்ல வேண்டும். பிள்ளை காலையில் வரவில்லை என்றால் ஒன்பது மணிக்குள் அவர் உங்களுக்குப் போன் பண்ண வேண்டும் என்று நாங்கள் ஒரு வரி சேர்த்தோம். காரில் மறக்கிறவர் டேகேர்காரராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, அரைத் தூக்கத்தில் வேலைக்கு ஓடுகிற அப்பாவாகவும் இருக்கலாம்.

ஒரு வீட்டில் ஐந்துக்கு மேல் பிள்ளைகள் இருப்பதைக் கண்டால் மாகாணக் கல்வி அமைச்சுக்குச் சொல்லலாம். லைசன்ஸ் இல்லாத இடங்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. விதி மீறியதாக உறுதியான ஆட்களின் பட்டியலையும் அரசு இணையத்தில் தேடிப் பார்க்கலாம், விடுவதற்கு முன் பார்க்க ஐந்து நிமிடம் போதும். நான் அந்த எட்டுப் பிள்ளை வீட்டைப் பற்றிச் சொல்லவில்லை. ஊர்க்காரர், அம்மாவைத் தெரிந்தவர். மச்சாள் அதற்காக இன்னும் என்னைத் திட்டுகிறாள்.

மகள் அந்த அக்காவிடம் பதினான்கு மாதம் இருந்தாள். பெயர் கொடுத்த ஆறு சென்டர்களில் ஒன்று, அவளுக்கு இரண்டு வயது தாண்டிய பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை அழைத்தது. வெள்ளிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். இரண்டாவது பிள்ளைக்கு எட்டாவது வாரத்து ஸ்கான் முடிந்த அன்றே பெயர் கொடுத்துவிட்டேன். பிறந்த திகதி கேட்ட இடத்தில் மருத்துவர் சொன்ன உத்தேசத் திகதியைப் போட்டேன், அதை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.